நார்னியாவுக்குள் ஒரு வன்னிப் பிள்ளை

1950இல் வெளிவந்த சி.எஸ். லூயிஸின் முதல் நார்னியா கதையில் வரும் நான்கு பிள்ளைகளும் குண்டுவீச்சால் லண்டனைவிட்டு இடம்பெயர்ந்தவர்கள். 1939இல் அப்படி வந்த பிள்ளைகளை லூயிஸ் தன் வீட்டில் தங்கவைத்திருந்தார். கதையில் எட்மண்ட் இனிப்புக்கு ஆசைப்பட்டுக் கூடப்பிறந்தவர்களையே காட்டிக்கொடுக்கிறான். அந்தச் சொல்லின் பாரம் நமக்குத் தெரியும். ஆனால் அவன் பிள்ளை, அதனால்தான் நம்புகிறோம்.

அந்த மாய உலகத்துக்குள் 2009இன் வன்னிப் பிள்ளையொன்றை விட்டு இரசிகர் கதை எழுதுபவர், அதன் வாயில் பெரியவர்களின் அரசியலைத் திணிக்க வேண்டாம். ஆறு வயதுப் பிள்ளை விட்டுவந்த ஆட்டுக்குட்டியைத்தான் கேட்கும். கிபிர் இரைச்சலில் வளர்ந்தது, பறக்கும் நாகத்தைக் கண்டால் வியக்காது, குப்புறப் படுக்கும். செட்டிக்குளம் முகாமில் சாப்பாட்டுக்கு வரிசையில் நின்றது, மந்திர விருந்தில் பாதியைச் சட்டைக்குள் ஒளிக்கும். பிறகு தம்பி கேட்டால் கொடுக்காமல் சண்டையும் பிடிக்கும்.