கோடையை ஏமாற்றும் மீன்

சித்திரை வெயிலில் விழுப்புரம், திண்டிவனம் பக்கத்து ஏரிகளில் தண்ணீர் இறங்கும்போது கரையோரச் சேற்றைப் பாருங்கள். தட்டை வைத்து அழுத்தி எடுத்ததுபோல் வட்ட வட்டமாகக் குழிகள் தெரியும். ஆண் ஜிலேபி மீன் வாயாலேயே மண்ணை அள்ளித் தோண்டிய கூடு அது. பெண் அதில் முட்டையிட்ட கையோடு முட்டைகளை வாய்க்குள் வாரிக்கொள்ளும். பொரிந்த குஞ்சுகளும் ஆபத்து வந்தால் தாயின் வாய்க்குள்தான் ஓடி ஒளியும்.

நாம் ஏரி மீன் என்று பேரம் பேசி வாங்கும் இந்த ஜிலேபிக்குப் பூர்வீகம் ஆப்பிரிக்கா. ஏழைக்கு மலிவாக மீன் கிடைக்கட்டும் என்று 1952-ல் தாய்லாந்திலிருந்தும் இலங்கையிலிருந்தும் கொண்டுவந்தார்கள். இலங்கைக்கே அது அந்நியம்தான். அங்கே இயற்கை ஏரிகள் இல்லை. மன்னர்கள் கட்டிய குளங்கள்தான். ஆற்று மீன்கள் அதிகம் எட்டிப்பார்க்காத அந்தக் குளங்களில் ஜிலேபி குடியேறியது; மீனவர் வலையும் நிறைந்தது.

நம் ஏரிகள் அப்படிக் காலியாக இல்லை. விரால், குறவை, தேளி, ஆரால், கெண்டை என்று வீடு நிறைய ஆள் இருந்தது. ஆனால், அவற்றுக்குக் கோடை என்றொரு காவல்காரன் உண்டு. விராலும் குறவையும் காற்றைச் சுவாசித்து ஈரச்சேற்றில் உயிர் பிடித்துக் கிடக்கும். ஏரி வற்றினால் ஜிலேபி செத்துவிடும். மறுபடி அது வருவது வரத்துக்கால் வழியாக, அல்லது மனிதர் கையால்.

ஆப்பிரிக்கக் கெளுத்தியிடம் இந்தக் காவல் செல்லாது. அதுவும் காற்றைச் சுவாசிக்கும், சேற்றில் புதைந்து கோடையைத் தாண்டும், கண்ணில் படும் மீனையெல்லாம் விழுங்கும். வளர்க்கத் தடை இருந்தும் திருட்டுத்தனமாகக் குட்டைகளில் வளர்க்கிறார்கள். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ மழை கொட்டியதே, அப்படியொரு வெள்ளத்தில் குட்டைக்கு ஏது கரை? ஓர் ஏரியின் கலங்கல் வழிந்தால் அடுத்த ஏரி. திண்டிவனம், வானூர் பக்கத்து ஏரிகளின் உபரி நீர் போய்ச் சேருவது 2024-ல் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம் என்ற ராம்சார் தகுதி பெற்ற கழுவெளிச் சதுப்புநிலத்துக்கு.

ஜிலேபியை இனி விரட்ட முடியாது. குழம்பில் போட்டுச் சாப்பிடுவோம். அடுத்த விருந்தாளியையாவது நாமே அழைத்து வராமல் இருக்கலாம். ஏரியைக் குத்தகை எடுப்பவர்கள், விடும் குஞ்சு எந்த இனம் என்று கேட்டு வாங்குங்கள். வீட்டுத் தொட்டியில் பெருத்துவிட்ட டேங்க் கிளீனர் மீனைப் பாவம் பார்த்து ஏரியில் விடாதீர்கள். அந்தப் பாவம் ஏரி மீன்கள் தலையில்தான் விடியும்.