வற்றும் ஆற்றிலே வந்து சேர்ந்த மீன்

வழுக்கையாற்றின் போக்கைக் கந்தரோடை, சண்டிலிப்பாய் வயல்வெளிகளினூடே அராலிக் கடனீரேரி வரையில் சென்ற வாரம் தொடர்ந்து பார்த்தோம். மாரியில் மாத்திரம் ஓடிக் கோடையில் வெறுந்தரையாகிவிடும் இச்சிற்றாறே யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு வாய்த்த ஆறு ஆகையால், இங்குள்ள நன்னீர் மீன்களும் அந்த நியதிக்கு இணங்கவே சீவிக்கப் பழகியிருக்கின்றன. விராலும் சுங்கானும் பனையேறிக் கெண்டையும் நீரிலுள்ள பிராணவாயுவை மட்டும் நம்பியிராது, மேலே வந்து காற்றையே சுவாசிக்கும் விசேஷ சக்தி பெற்றவை. குளம் சேறாய்க் குறுகியபோதும் அந்தச் சேற்றின் ஈரத்தையே பற்றிக்கொண்டு, அடுத்த மழைவரையில் உயிரைத் தக்கவைத்துக்கொள்ள முயல்பவை.

1952ஆம் ஆண்டில் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்ட மொசாம்பிக் திலாப்பியாவோ வேறொரு சுபாவமுடையது. அதனைக் கொண்டுவந்தோரைக் குறைகூறல் நியாயமன்று; இயற்கை ஏரிகளே இல்லாத இத்தீவில், ஆற்றோட்டத்துக்குப் பழகிய நாட்டு மீன்கள் மன்னர்கள் கட்டிய பெருங்குளங்களின் அகன்ற நீர்ப்பரப்பை நிரப்பவில்லை என்றும், அந்த வெற்றிடத்திலேயே திலாப்பியா பெருகியது என்றும் விஞ்ஞானி சி. எச். பெர்னாண்டோ போன்றோர் விளக்கியது தக்க விளக்கமே. ஏழைக் குடும்பங்களின் கறிச்சட்டிக்கு அது மலிவான மீனைத் தந்ததையும் நான் நன்றியோடு நினைக்கிறேன்.

ஆயினும் பராக்கிரம சமுத்திரம் போன்ற பெருங்குளத்துக்குப் பொருந்திய நியாயம் முழங்காலளவு ஓடும் வழுக்கையாற்றுக்குப் பொருந்துமா? முட்டைகளைத் தாய் வாய்க்குள் வைத்துக் காப்பதும், நெருக்கமுற்றால் உடல் சிறுத்த நிலையிலேயே சில மாதங்களில் இனம் பெருக்கத் தொடங்குவதும், உவர்நீரிலும் வாழ்ந்து குஞ்சு பொரிப்பதும் இம்மீனின் இயல்புகள். ஆகவே, நாட்டு மீன் கோடையில் சேற்றோடு போராடும் வேளையில், இது கடனீரேரியைப் புகலிடமாகக் கொண்டு தப்பியிருக்க இயலும். வெள்ளம் திரும்பும்போது முந்திக்கொள்வது எது என்பதை ஊகிப்பது கடினமன்று. கடனீரேரியிலும் போட்டி உண்டு. உடம்பெங்கும் முத்துப் பதித்தாற்போன்ற புள்ளிகளுடைய நம் கடனீரேரி மீன் ஒன்று, அமிழ்ந்த தடியிலும் கல்லிலும் முட்டைகளை ஒட்டவைத்து, ஆணும் பெண்ணுமாய்க் காவல் நிற்கும் சாதி. திலாப்பியாவின் ஆண் சேற்றுத் தரையைக் குழிபறித்துத் தனதாக்கிக்கொண்டு, அணுகுவோரைத் துரத்தும் இயல்பினது. ஒரே ஆழமற்ற நீரில் இவ்விரண்டும் இடத்துக்குப் போட்டியிட வேண்டியிருக்கிறது.

ஆபிரிக்காவின் விக்டோரியா ஏரியில், கடந்த நூற்றாண்டின் நடுப்பகுதியில் விடப்பட்ட நைல் பேர்ச் என்ற கொன்றுண்ணி மீன், ஏறக்குறைய 200 சிற்றினங்கள் மறைவதற்கு முக்கிய காரணமாயிற்று என்பர். திலாப்பியா அத்தகைய வேட்டைப் பிராணியன்று. அதனால் நேரும் நஷ்டம் ஓசையின்றி, ஆண்டுகள் பல கடந்தே தெரியவரும். அதனாலேயே, ஆற்றோடு தொடுப்பில்லாத குளங்களில் அதனை வளர்ப்பதை நான் எதிர்க்கவில்லை. மாரியில் வான்பாய்ந்து வழுக்கையாற்றில் கலக்கும் குளங்களிலோ விரால் குஞ்சுகளையே விடவேண்டும் என்கிறேன்.

நுளம்பை ஒழிக்கக் கிணறுகளில் விடப்படும் கப்பி மீனைப் பற்றி அடுத்த வாரம் எழுதுவேன்.