மிருதங்கம் ஏன் சுருதி சேர்கிறது?

வெறும் தோலை இழுத்துக் கட்டித் தட்டினால் தெளிவான சுருதி கேட்காது. சீரான வட்டத் தோலில் இரண்டாம் அதிர்வு முதலதிர்வைப்போல் 1.59 மடங்கு, அடுத்தது 2.14. ஒட்டாத எண்கள். மிருதங்கத்தின் வலந்தலையில் நடுவே கனக்கும் கறுப்புக் கரணை முதலதிர்வைத்தான் அதிகம் தாழ்த்துகிறது; 1.59 ஏறக்குறைய 2 ஆகிறது, 2.14 மூன்றை எட்டுகிறது. கேட்கச் சுகமான முழு மடங்குகள்!

இந்திய அறிவியல் கழகத்துக்கு 1933இல் இயக்குநராக வந்த சர் சி.வி. ராமன், தோலில் மென்மணல் தூவி இதைக் காட்டினார். ஒளிக்கு நோபல் வாங்கியவருக்கு மேளத்தின் மீதும் தீராத ஆசை.

நீங்களும் தோலில் மணல் தூவி, மோதிர விரலை லேசாக ஊன்றி, சுட்டுவிரலால் விளிம்பில் தட்டுங்கள். அசையாத விட்டக் கோட்டில் மணல் சேரும். வித்வானின் வாத்தியத்தில் வேண்டாம், பழையது போதும்.