வாய்ப்புண்ணால் தடைப்படும் புற்றுநோய்ச் சிகிச்சை: ஒளி செய்யக்கூடிய உதவி

2011ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில், தெற்கே தெய்வேந்திரமுனையிலிருந்து புறப்பட்ட நெடும் நடைபயணம் ஒன்று ஏறத்தாழ 670 கிலோமீற்றர் கடந்து பருத்தித்துறையில் நிறைவெய்தியது. தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியசாலை ஒன்றை அமைப்பதற்கு நிதி திரட்டுவதே அதன் நோக்கம். இன, மத பேதமின்றி மக்கள் அள்ளிக் கொடுத்தனர், வைத்தியசாலையும் எழுந்தது. ஆயினும், கட்டடமும் இயந்திரமும் மருந்தும் இருந்தால் மட்டும் போதுமா? தொடங்கிய சிகிச்சையை நோயாளி முடிக்க வேண்டுமல்லவா? அதற்குப் பெருந்தடையாக நிற்பது, பலரும் பொருட்படுத்தாத வாய்ப்புண்.

கன்னம், நாக்கு, தொண்டை ஆகியவற்றில் புற்றுநோய் கண்டவர்களுக்கு வழக்கமாக வாரத்தில் ஐந்து நாட்களாக, ஆறு அல்லது ஏழு வாரங்களுக்குக் கதிர்ச்சிகிச்சை வழங்கப்படுகிறது. வேகமாகப் பெருகும் கலங்களை அழிப்பதே இதன் இயல்பு. வாயின் உட்தோலும் வேகமாகத் தன்னைப் புதுப்பித்துக்கொள்வதாதலால் அதுவும் சேர்ந்து அழிகிறது. இரண்டாம், மூன்றாம் வாரமளவில் வாய் சிவந்து, வெந்து, புண்ணாகிவிடும். பருத்தித்துறைத் தட்டைவடை இருக்கட்டும், ஆறிய கஞ்சியைக்கூட விழுங்க இயலாது. தமது உமிழ்நீரே எரிக்கும் என்பார்கள் நோயாளர்.

உலக சுகாதார நிறுவனம் இந்நிலையைப் பூச்சியம் முதல் நான்கு வரை தரப்படுத்துகிறது. மூன்றாம் தரத்தில் நீராகாரம் மட்டுமே இறங்கும். நான்காம் தரத்தில் வாய்வழி உணவே இல்லை. மூக்குவழிக் குழாயும் மோர்பினும் தேவைப்படும் கட்டம் அது. வேதனை தாளாமல் சிகிச்சையை இடைநிறுத்தினால், அந்த இடைவெளியில் புற்றுக் கலங்கள் மீண்டும் பெருகத் தொடங்குகின்றன. எலும்பு மச்சை மாற்றுச் சிகிச்சை பெறுவோருக்கோ ஆபத்து வேறுவகையானது. வெண்குருதிக் கலங்கள் அருகியிருக்கும் வேளையில், புண்ணின் வழியே கிருமிகள் இரத்தத்தில் கலந்துவிடும்.

இலங்கையில் ஆண்களிடையே முதன்மையாகக் காணப்படும் புற்றுநோய் வாய்ப்புற்றுநோய் என்பதால், இது நமக்கு அந்நியமான பிரச்சினையன்று. புகையிலை சேர்க்காத வெற்றிலை தீங்கற்றது என்ற நம்பிக்கை தமிழ், முஸ்லிம் சமூகங்கள் இரண்டிலும் இன்னும் உள்ளது. பாக்கு தனித்தே புற்றுநோயை உண்டாக்கும் என்று சர்வதேச புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004ஆம் ஆண்டிலேயே அறிவித்துவிட்டது.

இந்தப் புண்ணுக்கு ஒளியால் நிவாரணம் தேடும் முறை புதுமை போலத் தோன்றினாலும், மருத்துவத்தில் ஒளியின் பயன்பாடு பழையது. தோற் காசநோயை ஒளிக்கதிர்களால் குணப்படுத்தியமைக்காக டென்மார்க்கைச் சேர்ந்த நீல்ஸ் பின்சன் 1903ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்றார். இன்று பேசப்படும் முறையோ தற்செயலாகக் கண்டறியப்பட்டது. 1967ஆம் ஆண்டில் ஹங்கேரிய மருத்துவர் எந்ரே மெஸ்ரர், மயிர் மழித்த எலிகள் மீது வலுக்குறைந்த லேசர் ஒளியைச் செலுத்தியபோது, அவ்விடத்தில் மயிர் விரைவாக வளர்வதைக் கண்டார். பின்னர் ஆறாத புண்களில் அதனைப் பரீட்சித்தார்.

இங்கே லேசர் என்றதும் சுட்டெரிக்கும் கதிர் என்று அஞ்சவேண்டியதில்லை. பெரும்பாலும் 630 முதல் 660 நனோமீற்றர் வரையான சிவப்பொளியோ, அதற்கு அப்பாலுள்ள அகச்சிவப்பொளியோ பயன்படுத்தப்படுகிறது. கலங்களுக்குச் சக்தியை உற்பத்தி செய்து கொடுக்கும் இழைமணிகளிலுள்ள ஒரு நொதியம் இவ்வொளியை உறிஞ்சுகிறது. அதனால் சக்தி உற்பத்தி கூடி, அழற்சி தணிந்து, உட்தோல் விரைவில் சீரடைகிறது என்பதே பெரிதும் ஏற்கப்பட்ட விளக்கம்.

அண்டை நாட்டின் அனுபவமும் உண்டு. கர்நாடக மாநிலத்தின் மணிப்பாலில் வாய்ப்புற்றுநோயாளர் 50 பேரிடம் மேற்கொள்ளப்பட்ட ஆய்வொன்று 2006ஆம் ஆண்டில் வெளியானது. ஆறு வாரக் கதிர்ச்சிகிச்சையின் முடிவில், ஹீலியம்-நியோன் லேசர் பெற்றவர்களின் வலியும் புண்ணின் கடுமையும் மற்றவர்களைவிடத் தெளிவாகக் குறைந்திருந்தன. பிரித்தானியாவின் நைஸ் நிறுவனம் 2018ஆம் ஆண்டில் இம்முறையை வழமையான ஏற்பாடுகளுடன் பயன்படுத்தலாம் என்றது. புற்றுநோயாளரின் துணைப் பராமரிப்புக்கான சர்வதேச நிபுணர் அமைப்பு, தலை, கழுத்துக் கதிர்ச்சிகிச்சை பெறுவோருக்கும் எலும்பு மச்சை மாற்றுச் சிகிச்சை பெறுவோருக்கும் புண் வருமுன் காக்க இதனை 2020ஆம் ஆண்டு வழிகாட்டலில் பரிந்துரைத்துள்ளது.

வருமுன் என்பதுதான் இதில் முக்கியம்.  முதல் நாளிலேயே தொடங்கிச் சிகிச்சை நாட்களில் தொடர வேண்டும். ஒளியின் அளவு குறைந்தாலும் பயனில்லை, மிகுந்தாலும் பயனில்லை. ஆகவே, இணையத்தில் விற்பனையாகும் சிவப்பு விளக்கொன்றை வாங்கி வீட்டில் வைத்து வாய்க்குள் காட்டுவது சிகிச்சையாகாது. பயிற்சி பெற்ற ஒருவர், கண்ணுக்குக் காப்பு அணிவித்து, புற்றுக் கட்டி உள்ள இடத்தில் நேரடியாக ஒளி படாதபடி செய்ய வேண்டியது இது. ஒரு கதிர்ச்சிகிச்சை இயந்திரத்தோடு ஒப்பிட்டால் இந்தக் கருவி மிகச் சிறிது. வேண்டியது பயிற்சி பெற்ற பல் வைத்தியரோ தாதியோ ஒருவரின் அன்றாட நேரம். பெரிய இயந்திரங்களுக்கு வாதாடும் நாம் இத்தகைய சிறியவற்றைக் கேட்க மறந்துவிடுகிறோம்.

எளிய வழிகளும் அதே வழிகாட்டலில் உள்ளன. குறித்த சில இரசாயன மருந்துகள் ஏற்றப்படும்போது அரை மணிநேரம் பனிக்கட்டித் துண்டுகளை வாயில் வைத்திருப்பது அவற்றுள் ஒன்று. தலை, கழுத்துப் புற்றுநோயாளருக்குத் தேனும் கூறப்பட்டுள்ளது; ஆனால் பற்சிதைவு ஏற்படலாமென்ற எச்சரிக்கையும் உடனுண்டு. ரமழானில் சிகிச்சை பெறும் முஸ்லிம் சகோதரர் சிலர் நோன்பையும் விடாது பிடிக்க முயல்வதுண்டு. நோயாளிக்கு மார்க்கமே சலுகை அளித்திருக்கையில், புண்பட்ட வாயை நீரின்றி உலரவிடுவது வேண்டாத துன்பம்.

கதிர்ச்சிகிச்சைக்குத் திகதி குறிக்கப்பட்டவர்கள் அதற்கு முன்பே பல் வைத்தியரிடம் வாயைக் காட்டிப் பழுதான பற்களைச் சீர்செய்துகொள்வது அவசியம். ஒளிச்சிகிச்சை தமக்குப் பொருந்துமா, அது எங்கே கிடைக்கும் என்ற கேள்வியையும் புற்றுநோய் வைத்திய நிபுணரிடம் அப்போதே கேட்டுவிட வேண்டும். மூன்றாம் வாரத்தில், வாய் திறக்க முடியாத நிலையில் அன்று.