வெற்றிலை காய்கறியா?

வெற்றிலை காய்கறியா, இல்லையா? இது விடுகதை அல்ல. 1961-ம் ஆண்டில் இந்திய சுப்ரீம் கோர்ட்டு நீதிபதிகள் ஆராய்ந்து தீர்ப்புக் கூறிய கேள்வி! தீர்ப்பு என்ன என்பதைப் பிறகு பார்ப்போம். முதலில், இத்தகைய வழக்குகளின் உயிர்நாடியாக உள்ள ஓர் ஆங்கிலச் சொல்லைத் தெரிந்து கொள்வோம்.

அந்தச் சொல் "டினோட்" என்பது. அகராதியைப் புரட்டினால் "குறித்தல்" என்று பொருள் போட்டிருக்கும். ஆனால் "மீன்" (கடலில் நீந்தும் மீன் அல்ல!) என்ற ஆங்கிலச் சொல்லுக்கும் அதே பொருள். "கானோட்" என்பதற்கும் ஏறக்குறைய அதேதான். ஆங்கிலம் படிக்கும் மாணவர்கள் திண்டாடுவது இங்கேதான். இந்த மூன்றும் ஒன்றா? இல்லவே இல்லை.

சுட்டு விரல்

லத்தீன் மொழியில் "நோட்டா" என்றால் அடையாளம். நோட்டுப் புத்தகத்தில் உள்ள நோட்டும், பத்திரத்தில் முத்திரை வைக்கும் நோட்டரியும் அந்த வேரில் பிறந்தவையே. டினோட் அவற்றுக்கு உடன்பிறப்பு. ஒரு பொருளின் மீது அடையாளம் இட்டு, "இதுதான்" என்று சுட்டிக் காட்டுவது அதன் வேலை. சிவப்புக் கொடி அபாயத்தை டினோட் செய்கிறது. தேசப் படத்தில் உள்ள கோடு ரெயில் பாதையை டினோட் செய்கிறது.

மீன் என்ற சொல்லோ மனிதனின் எண்ணத்தையும் தொடும். "நீ என்ன கருதிச் சொன்னாய்?" என்று கேட்க மீன்தான் பொருத்தம். அந்த இடத்தில் டினோட் போட்டால் ஆங்கிலேயர் சிரிப்பார்.

கானோட் இன்னொரு வகை. இங்கிலாந்து நாட்டு அறிஞர் ஜான் ஸ்டூவர்ட் மில், 1843-ம் ஆண்டில் வெளியிட்ட தர்க்க நூலில் இந்த இரண்டையும் பிரித்துக் காட்டினார். "வெள்ளை" என்ற சொல் பனி, காகிதம், கடல் நுரை முதலிய வெள்ளைப் பொருள்களை டினோட் செய்கிறது. வெண்மை என்ற குணத்தைக் கானோட் செய்கிறது என்றார் அவர்.

இன்று பேச்சில், சொல்லோடு ஒட்டிக் கொண்டு வரும் உணர்ச்சியையும் கானோட் என்கிறார்கள். நம் ஊர் பஸ்சிலேயே இதைக் காணலாம். "பெரியவரே, தள்ளி நில்லுங்கள்" என்கிறார் ஒரு கண்டக்டர். "கிழவா, தள்ளி நில்" என்கிறார் இன்னொருவர். இரண்டு சொல்லும் டினோட் செய்வது ஒரே ஆளைத்தான். கானோட் செய்வதோ ஒன்று மரியாதை, மற்றது சண்டை!

கோழியும் கட்டுமரமும்

சட்டத்தில் இந்தச் சொல்லுக்குத் தனி அந்தஸ்து உண்டு. மெக்காலே தலைமையில் எழுதப்பட்டு, 1860-ம் ஆண்டில் நிறைவேறி, 1862 ஜனவரி 1-ந் தேதி அமுலுக்கு வந்தது இந்திய பீனல் கோடு. அதன் ஆரம்பப் பகுதியில் டினோட் வரிசையாக வரும். "அனிமல்" என்பது மனிதன் தவிர்ந்த எந்த உயிர்ப் பிராணியையும் குறிக்கும் என்றது அது. ஆகவே, மாடு மட்டுமல்ல, கோழியும் அனிமல்தான். "வெசல்" என்பது நீர் வழியே ஆட்களையோ பொருள்களையோ ஏற்றிச் செல்வதற்காகச் செய்யப்பட்ட எதையும் குறிக்கும். ஆகவே, கப்பலோடு கட்டுமரமும் சேர்த்தி.

"பெண்" என்ற சொல் எந்த வயதுப் பெண்ணையும் குறிக்கும் என்று 10-வது பிரிவு கூறியது. "எந்த வயதும்" என்ற அந்தச் சிறு தொடர் எவ்வளவு பெரிய வேலை செய்தது தெரியுமா?

பஞ்சாபில் ஏழரை மாதப் பெண் குழந்தையிடம் ஒருவன் தகாத கொடுமை செய்தான். பெண்ணின் மானத்துக்குப் பங்கம் விளைவித்ததாக வழக்கு. ஒன்றும் அறியாத குழந்தைக்கு மான உணர்ச்சி உண்டா என்ற கேள்வி எழுந்தது. ஐகோர்ட்டு அந்தக் குற்றம் பொருந்தாது என்றது. 1966-ம் ஆண்டில் சுப்ரீம் கோர்ட்டின் மூன்று நீதிபதிகளில் இருவர் அதை ஏற்கவில்லை. சட்டம் எந்த வயதும் என்கிறது. ஆகவே தொட்டில் குழந்தைக்கும் பாதுகாப்பு உண்டு என்று அவனைக் குற்றவாளியாக்கினார்கள்.

சந்தையே அகராதி

சட்டம் ஒரு சொல்லுக்கு விளக்கம் தராவிட்டால்? அப்போதுதான் வெற்றிலை வழக்கு வருகிறது. 1947-ம் வருட மத்திய மாகாண, பேரார் விற்பனை வரிச் சட்டத்தில் காய்கறிக்கு வரி விலக்கு. "வெற்றிலையும் செடி வகைதானே? ஆகவே காய்கறிதான்" என்று வாதாடினார் அகோலா வியாபாரி. தாவர நூல் சொல்வது வேறு. சந்தையில் மக்கள் சொல்வது வேறு. மக்கள் வழக்கே செல்லும் என்றது கோர்ட்டு. ஆகவே வெற்றிலை காய்கறி அல்ல. வரி கட்ட வேண்டியதாயிற்று!

அமெரிக்காவிலும் இதே கதை. அங்கே 1883-ம் வருட சுங்கச் சட்டப்படி இறக்குமதிக் காய்கறிக்கு வரி, பழத்துக்கு இல்லை. தக்காளி எது? விஞ்ஞானப்படி அது பழமே. ஆனால் சாப்பாட்டோடு சேர்த்து உண்பதால் காய்கறி என்று 1893-ல் அந்நாட்டு சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது.

2024 ஜூலை 1-ந் தேதி பழைய பீனல் கோடு போய், பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. அதில் பெரும்பாலான இடங்களில் டினோட் விலகி, மீன் அமர்ந்திருக்கிறது. பெண் என்பதற்கு உரிய "எந்த வயதும்" என்ற தொடர் மட்டும் மாறவில்லை.

கடன் பத்திரமோ, இன்ஷூரன்ஸ் பத்திரமோ, கையெழுத்துப் போடும் முன் விளக்கப் பகுதியை முதலில் படியுங்கள். "குடும்பம்", "விபத்து", "நோய்" என்று அதில் இருக்கும். அவை நமக்குத் தெரிந்த சொற்கள்தாம். ஆனால் அந்தப் பத்திரத்தில் அவை எதைக் குறிக்கின்றன என்பதைப் பார்த்த பிறகே பேனாவை எடுக்க வேண்டும்.