குளியலறைச் சுவரில் கரும்படலம்

இடவப்பாதி மழை தொடங்கிவிட்டால் திருவனந்தபுரம் கிழக்கேகோட்டையைச் சூழ்ந்த தெருக்களில் வாழும் தமிழ்க் குடும்பங்களில் ஒரே முறையீடு எழுவதைக் கேட்கலாம். குளியலறை டைல்ஸ் கற்களின் இடுக்குகளில் முதலில் கரும்புள்ளிகள் தோன்றுகின்றன. சில நாட்களில் அவை கோடுகளாக நீள்கின்றன. பின்னர் கூரையின் மூலைகளிலும் படர்ந்துவிடுகின்றன. தேய்த்துக் கழுவினால் மறைகின்றன. பத்து நாள் கழித்து மீண்டும் அதே இடத்தில் தலைகாட்டுகின்றன. மதுரையிலும் திருநெல்வேலியிலும் இத்துணைத் தொல்லை இல்லையே, இங்கு மட்டும் ஏன் என்று வியப்பவர் பலர். இக்கேள்விக்கு விடை கண்டுவிட்டால், பரிகாரமும் தானே விளங்கிவிடும்.

முதற்கண் இப்பொருளின் பெயரைத் தெளிவாக்கிக்கொள்வது நலம். தமிழர் இல்லங்களில் இதனைப் பொதுவாகப் 'பாசி' என்றே சொல்லிவிடுகிறோம். மலையாள மொழியில் பாசிக்குப் 'பாயல்' என்றும், பூஞ்சணத்துக்குப் 'பூப்பல்' என்றும் தனித்தனிப் பெயர்கள் வழங்குகின்றன. இவ்வேறுபாடு வெறும் சொல் வேறுபாடு அன்று. பாசி பச்சை நிறம் உடையது. வெயிலின் உதவியால் தன் உணவைத் தானே ஆக்கிக்கொள்வது. கிணற்றடியிலும் முற்றத்திலும் வளர்வது. பூஞ்சணத்துக்கு வெளிச்சம் வேண்டுவதில்லை. பிற பொருள்களைத் தின்றே அது வாழ்கிறது. ஆகவே இருண்ட குளியலறையில் கருமையாகப் படர்வது பெரும்பாலும் பூஞ்சணமே. தரை ஓரத்தில் இளஞ்சிவப்பாக வழுவழுப்புடன் காணப்படுவது பெரும்பாலும் பாக்டீரியா என்னும் நுண்ணுயிர்க் கூட்டம். சுவரில் வெண்பொடியாக உதிர்வது உயிருள்ள பொருளே அன்று. சுவருக்குள் இருந்த உப்பு, ஈரத்தோடு வெளிவந்து பூத்தது அது.

பூஞ்சணத்தின் வித்துக்கள் கண்ணுக்குப் புலனாகாதவை. நாம் மூச்சுவிடும் காற்றில் அவை எங்கும் எப்பொழுதும் மிதந்தவண்ணம் இருக்கின்றன. அவற்றை ஒரு வீட்டிலிருந்து அறவே நீக்குதல் இயலாது. ஆனால் வித்து முளைப்பதற்கு ஈரம் வேண்டும். ஈரமான இடம் ஒன்றிரண்டு நாட்கள் உலராமல் கிடந்தால் போதும். வித்து முளைத்து நூல் போன்ற இழைகளை விடத் தொடங்கும். உணவுக்கும் அதற்குக் குறைவில்லை. சோப்பின் படிவு, உடம்பில் தேய்த்த எண்ணெய், தோலிலிருந்து உதிர்ந்த துகள், தூசி ஆகிய அனைத்தும் அதற்கு விருந்தே. கிளாடோஸ்போரியம், ஆஸ்பெர்ஜில்லஸ், பெனிசிலியம் என்று பல குலங்கள் இதில் உண்டு. 1928-ஆம் ஆண்டில் அலெக்சாண்டர் பிளெமிங் பெனிசிலின் மருந்தைக் கண்டறிந்ததும் இக்கூட்டத்தைச் சேர்ந்த ஒரு பூஞ்சணத்திலிருந்துதான். ஆதலின் பூஞ்சணம் மனிதனுக்கு முழுப் பகையன்று; தங்கக்கூடாத இடத்தில் தங்கும்போதே பகையாகிறது.

டைல்ஸ் கல்லின் மேற்புறம் கண்ணாடி போன்ற பூச்சுடையது, நீரை உறிஞ்சாது. கற்களுக்கு இடையில் நிரப்பப்படும் வெள்ளைச் சிமெண்டோ நுண்துளைகள் நிறைந்தது. நீரும் சோப்புக் கரைசலும் அத்துளைகளுக்குள் இறங்கித் தங்கிவிடுகின்றன. கருமை கல்லின்மேல் வாராமல் இடுக்குகளில் மட்டும் கோடு கோடாகத் தோன்றுவதன் காரணம் இதுவே.

இனி, கிழக்கேகோட்டையின் நிலைக்கு வருவோம். கோட்டைக்குள்ளும் அதனை அடுத்தும் தமிழ் மக்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றனர். கோயிலைச் சார்ந்த அக்கிரகாரங்களில் ஒரு சாராரும், சாலைக் கடைத்தெருவில் வாணிகம் செய்யும் ஒரு சாராருமாக அவர்கள் இங்கு வேரூன்றினர். பழைய நாளில் நீராடல் குளக்கரையிலும் கிணற்றடியிலும் நிகழ்ந்தது. மேலே திறந்த வானம், நாற்புறமும் காற்று. அங்கே பாசி பிடிக்கக்கூடும். பூஞ்சணம் ஒரு தொல்லையாக இருந்ததில்லை. 1930-களில் அருவிக்கரையிலிருந்து கரமனையாற்று நீர் குழாய் வழியே நகருக்குள் வந்தது. அதன்பின் குளியல் படிப்படியாக வீட்டுக்குள் புகுந்தது. அக்கிரகார வீடுகளோ இருபுறமும் பொதுச்சுவர் கொண்டு வரிசையாக ஒட்டிக் கட்டப்பட்டவை. காற்று முன்புறமாகவும் பின்புறமாகவும் முற்றத்தின் வழியாகவுமே வர இயலும். இத்தகைய வீட்டின் நடுப்பகுதியில் குளியலறையை அமைத்து, முற்றத்தையும் தகடு போட்டு மூடிவிட்டால், அவ்வறையின் ஈரம் வெளியேறும் வழி அடைபட்டுவிடுகிறது.

இதனோடு வானிலையும் சேர்ந்துகொள்கிறது. திருவனந்தபுரத்துக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு. துலாவர்ஷம் எனப்படும் ஐப்பசி மழையும் உண்டு. இவ்விரு மழைக்காலங்களிலும் காற்றே நீராவி நிரம்பியதாக இருக்கிறது. இதன் விளைவை ஒரு சிறு கணக்கால் காணலாம். ஐந்தடி அகலமும் ஏழடி நீளமும் எட்டடி உயரமும் உள்ள ஒரு குளியலறையில் ஏறத்தாழ 8 கன மீட்டர் காற்று அடங்கும். மழை நாளில் வெப்பம் 27 டிகிரி, ஈரப்பதம் நூற்றுக்கு 85 என்று கொள்வோம். அந்நிலையில் அறைக்காற்று முழுவதும் சேர்ந்து மேலும் ஏற்கக்கூடிய நீர் சுமார் 30 கிராம். அதாவது இரண்டு மேசைக்கரண்டி. குளித்து முடித்தபின் சுவரிலும் தரையிலுமாக 80 சதுர அடிப் பரப்பில், ஒரு மில்லிமீட்டரில் பத்திலொரு பங்கு கனத்துக்கு நீர் படிந்திருந்தால், அதன் அளவு ஏறக்குறைய முக்கால் லிட்டர். இந்நீர் உலரவேண்டுமாயின் அறைக்காற்று இருபத்துநான்கு முறைக்கு மேல் முற்றிலும் மாறியாகவேண்டும். டில்லியில் மே மாதத்தில் வெப்பம் 40 டிகிரியாகவும் ஈரப்பதம் நூற்றுக்கு 20 ஆகவும் உள்ள ஒரு நாளில், அதே அறையின் காற்று 320 கிராமுக்கு மேல் நீரை ஏற்கும். இரண்டு மூன்று முறை காற்று மாறினாலே அறை உலர்ந்துவிடும். டில்லியில் இருந்த பழக்கத்தைத் திருவனந்தபுரத்துக்கு அப்படியே கொண்டுவருவோர் ஏமாறுவதன் காரணம் இப்பொழுது விளங்கும்.

இக்கணக்கு மற்றோர் உண்மையையும் உணர்த்துகிறது. காற்று உலர்த்தட்டும் என்று காத்திருப்பதைவிட, நீரை நாமே வழித்துத் தள்ளிவிடுவதுதான் சிறந்த வழி. ரப்பர் பட்டை பொருத்திய வைப்பர் ஒன்றினால், குளித்தவுடன் சுவரை மேலிருந்து கீழாகவும், பின்பு தரையை நீர்த்தாரை நோக்கியும் வழித்துவிட்டால் பெரும்பகுதி நீர் அப்பொழுதே அகன்றுவிடும். இரண்டு நிமிட வேலை. எந்த மருந்தும் இதற்கு ஈடாகாது.

இதனை வெறும் அழகுக் குறையாக எண்ணிப் புறக்கணித்தல் தகாது. வீடுகளில் ஈரமும் பூஞ்சணமும் நிலவுதல் பற்றி உலக சுகாதார நிறுவனம் 2009-ஆம் ஆண்டில் வழிகாட்டு நூலொன்றை வெளியிட்டது. அத்தகைய வீடுகளில் வாழ்வோருக்கு மூச்சுத்தொல்லையும் ஆஸ்துமாவும் மிகுதி என்பது அதில் எடுத்துக்காட்டப்பட்டுள்ளது. இரவில் இருமும் குழந்தை, இழைப்பு நோயுள்ள முதியவர், நோயினால் உடல் தளர்ந்தவர் ஆகியோர் இருக்கும் வீட்டில் இக்கருமையை விட்டுவைத்தல் ஆகாது. அவர்களைக் கொண்டு அதனைத் தேய்க்கச் செய்வதும் ஆகாது.

நீக்கும் முறையைக் காண்போம். மூன்றடிக்கு மூன்றடி என்னும் அளவுக்கு உட்பட்ட கறையை வீட்டாரே நீக்கலாம் என்பது அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனம் கூறும் பொது அளவு. கதவையும் சன்னலையும் திறந்துவைத்து, ரப்பர் கையுறையும் முகமூடியும் அணிந்து, கண்களைக் காத்துக்கொண்டு வேலையைத் தொடங்கவேண்டும். உலர்ந்த கறையைச் சுரண்டினால் வித்துக்கள் காற்றில் பறக்கும். ஆகையால் முதலில் நனைத்துக்கொள்ளவேண்டும். சோப்புத்தூள் கரைத்த வெந்நீரும், விறைப்பான சிறு தூரிகையும் கொண்டு இடுக்குகளைத் தேய்க்கவேண்டும். பூஞ்சணத்தின் உணவாகிய சோப்புப் படிவையும் எண்ணெய்ப் பிசுக்கையும் அகற்றுவது இப்படிதான். இதனைச் செய்யாமல் மருந்தை ஊற்றுவது பயன் தராது. நன்றாகக் கழுவியபின்னும் கருமை எஞ்சினால், கடைகளில் விற்கும் பிளீச் திரவத்தில் 60 மில்லி எடுத்து ஒரு லிட்டர் குளிர்ந்த நீரில் கலந்து இடுக்குகளில் தடவி, பத்து நிமிடம் விட்டுக் கழுவலாம். கிணற்றுக்கு இடும் பிளீச்சிங் பவுடர் வீட்டில் இருந்தால், ஒரு மேசைக்கரண்டித் தூளை ஒரு லிட்டர் நீரில் கலக்கித் தெளியவைத்து, மேல்நீரை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். உலோகக் குழாய்களின்மேல் பட்டால் உடனே கழுவிவிடவேண்டும், இல்லையேல் அரித்துவிடும்.

இங்கே ஓர் எச்சரிக்கையை அழுத்தமாகக் கூறுதல் கடமையாகும். ஒன்றினால் கறை போகவில்லையே என்று பிளீச்சோடு ஆசிட்டையும் சேர்த்து ஊற்றுவோர் உண்டு. கழிப்பிடம் கழுவும் ஆசிட்டோ வினிகரோ எலுமிச்சைச் சாறோ பிளீச்சுடன் கலந்தால் குளோரின் வாயு எழும். 1915-ஆம் ஆண்டு ஏப்ரல் 22-ஆம் நாள் பெல்ஜிய நாட்டு ஈப்ர நகரை அடுத்த போர்முனையில் படைவீரர்மீது ஏவப்பட்ட நச்சுவாயு அதுவே. சன்னல் இல்லாத சிறு அறையில் அது உயிருக்கே ஆபத்து விளைவிக்கும். அம்மோனியா கலந்த பொருள்களைப் பிளீச்சுடன் சேர்ப்பதும் இவ்வாறே தீங்கு தரும். தவறுதலாகக் கலந்துவிட்டால், அதனைக் கழுவ முயலாமல் உடனே வெளியேறி, நல்ல காற்றுள்ள இடத்துக்குச் செல்லவேண்டும். மூச்சுத் திணறினால் மருத்துவரை நாடவேண்டும். மேலும், ஆசிட் தனித்தும் நன்மை செய்வதன்று. அது சிமெண்டைக் கரைத்து இடுக்குகளை ஆழமாக்குகிறது. அடுத்த முறை பூஞ்சணத்துக்கு முன்னிலும் வசதியான இருப்பிடம் கிடைத்துவிடுகிறது.

இவ்வளவு செய்தும் கறை அதே இடத்தில் திரும்புமாயின், ஈரம் அறைக்காற்றிலிருந்து வருகிறதா, சுவருக்குள்ளிருந்து வருகிறதா என்று ஆராயவேண்டும். சுவரின் மறுபக்கத்தில், பூச்சுள்ள இடத்தை உலரத் துடைத்து, ஒரு சதுர அடிப் பிளாஸ்டிக் தாளை நான்கு ஓரமும் ஒட்டி ஒரு நாள் விட்டுவைக்கலாம். தாளின் உட்புறத்தில் நீர் துளிர்த்தால் ஈரம் சுவரிலிருந்து வருகிறது. வெளிப்புறத்தில் துளிர்த்தால் காற்றிலிருந்து வருகிறது. உட்புறமாயின் சுவருக்குள் குழாய் கசிகிறது என்றோ, மேல்மாடியிலிருந்து நீர் இறங்குகிறது என்றோ ஐயுறலாம். அதனைச் செப்பனிடாமல் கழுவிக்கொண்டிருப்பது ஓட்டைப் பானையில் நீர் நிரப்புவதை ஒக்கும். தேய்ந்துபோன இடுக்குச் சிமெண்டைச் சுரண்டி எடுத்துவிட்டு, நீர் உறிஞ்சாத எபாக்சிக் கலவையால் நிரப்பச் செய்யலாம். ஓரங்களில் பூசிய சிலிக்கானுக்குள் கருமை ஊடுருவியிருந்தால், அதை அறுத்தெடுத்துப் புதிதாகப் பூசுவதே வழி.

வராமல் காத்தல் எளிது. காற்றை வெளியேற்றும் மின்விசிறி இருந்தால், குளித்து முடித்தபின் இருபது நிமிடமேனும் அதனை ஓடவிடவேண்டும். உள்ளே காற்று வர வழியில்லாவிடில் விசிறி வீணே சுழலும். கதவின் அடியில் ஓர் அங்குல இடைவெளி அவசியம். நனைந்த துண்டையும் துணியையும் குளியலறையிலேயே தொங்கவிடலாகாது. கூரைக்கு ஆண்டுதோறும் சுண்ணாம்பு அடித்த பெரியோர் வழக்கத்தில் அறிவியல் உண்மை உண்டு. சுண்ணாம்பின் காரத்தன்மை பூஞ்சணத்துக்கு ஒவ்வாதது.

பிற மாநிலங்களில் வாழும் தமிழருள் வாடகை வீட்டினர் பலர். அன்றாடம் நீரை வழித்தலும் கழுவுதலும் குடியிருப்போர் பொறுப்பு. குழாய்க் கசிவும், காற்றுவழி இன்மையும், பெயர்ந்த இடுக்கும் வீட்டுக்காரர் கவனிக்கவேண்டியவை. குடிபுகும் முன்பே குளியலறையில் நின்று சன்னலையும் கூரை மூலைகளையும் பார்த்துக்கொள்வதும், குறையிருப்பின் எழுத்தில் தெரிவித்துவிடுவதும் பிற்காலப் பூசலைத் தவிர்க்கும். பம்பாயிலும் கொல்கத்தாவிலும் மழைக்காலத்தில் திருவனந்தபுரத்து நிலையே நிலவும். டில்லியில் இத்தொல்லை குளிர்காலத்தில் எழும். வெந்நீரின் ஆவி குளிர்ந்த சுவரில் பட்டு நீராய் இறங்குவதே அதற்குக் காரணம். ஊர் எதுவாயினும் விதி ஒன்றே: ஈரம் தங்காத இடத்தில் பூஞ்சணம் தங்காது. வைப்பர் ஒன்றும், திறந்த சன்னல் ஒன்றும், நாள்தோறும் இரண்டு நிமிட முயற்சியும் இருந்தால் குளியலறை தூய்மையாக விளங்கும். வீட்டிலுள்ள குழந்தைகளும் முதியோரும் தடையின்றி மூச்சுவிடுவர்.