நான்கு விரற்கடை தூரம்

இவ்வாண்டு எங்கள் பள்ளி விளையாட்டு விழாவின் ரிலே ஓட்டத்தில், எங்கள் நீல அணி மயிரிழையில் முதலிடத்தை இழந்தது. கடைசியாக ஓடிய தோழியைப் பார்த்து, "பெரிய பி.டி. உஷா என்று நினைப்பு!" என்று நாங்கள் கேலி செய்தோம். அவள் அழுதுவிட்டாள். பி.டி. உஷாவும் மயிரிழையில் தோற்றவர்தாம் என்பது அன்று எங்களுக்குத் தெரியாது. அவரைப் பற்றி நாங்கள் படித்தறிந்ததை இங்கே எழுதுகிறோம்.

உஷா 1964-ஆம் ஆண்டு கேரளத்தின் கோழிக்கோடு மாவட்டத்தில் பிறந்தார். பய்யோலி என்ற கடலோர ஊரில் வளர்ந்தார். கண்ணூர் விளையாட்டுப் பள்ளியில் அவருடைய திறமையைக் கண்டறிந்தவர் பயிற்சியாளர் ஓ.எம். நம்பியார். 1982-இல் டில்லி ஆசிய விளையாட்டில் 100, 200 மீட்டர் ஓட்டங்களில் உஷா வெள்ளிப் பதக்கங்கள் வென்றார்.

1984-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில்தான் பெண்களுக்கான 400 மீட்டர் தடை ஓட்டம் முதன்முறையாகச் சேர்க்கப்பட்டது. மைதானத்தை ஒரு முறை சுற்றுவதற்குள் பத்துத் தடைகளைத் தாண்ட வேண்டும். அரையிறுதியில் உஷாவே முதலாவதாக வந்தார். இறுதி ஓட்டத்தில் மூன்றாவதாக வந்த ருமேனிய வீராங்கனைக்கு 55.41 விநாடி, உஷாவுக்கு 55.42 விநாடி! நூறில் ஒரு பங்கு விநாடியில் வெண்கலம் கைநழுவியது. அந்த வேகத்தில் இது சுமார் ஏழு சென்டிமீட்டர், அதாவது நான்கு விரற்கடை தூரமே. ஓட்டத்தில் தலையோ கையோ கோட்டைத் தொடுவது கணக்கில்லை, உடல் தொடவேண்டும். ஆகவேதான் வீரர்கள் முடிவில் நெஞ்சை முன்னே சாய்க்கிறார்கள்.

பதக்கம் இல்லாவிட்டாலும் நாடு அவரைப் போற்றியது. அவரும் சோர்ந்துவிடவில்லை. 1985-இல் ஜகார்த்தாவில் நடந்த ஆசியத் தடகளப் போட்டியில் ஐந்து தங்கம், 1986-இல் சியோல் ஆசிய விளையாட்டில் நான்கு தங்கம் வென்றார். 'பய்யோலி எக்ஸ்பிரஸ்' என்ற பட்டப்பெயர் எங்கும் பரவியது. 1985-இல் பத்மஸ்ரீ விருதும் பெற்றார்.

2000-இல் ஓட்டத்திலிருந்து ஓய்வு பெற்றார். ஆனால் தாம் இழந்த பதக்கத்தை மற்றப் பெண்கள் பெறவேண்டும் என்று எண்ணி, 2002-இல் தடகளப் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். அவருடைய மாணவி டின்டு லூகா 2014 ஆசிய விளையாட்டில் 800 மீட்டரில் வெள்ளி வென்றார். 2022-இல் உஷா மாநிலங்களவை உறுப்பினராக நியமிக்கப்பட்டார். அதே ஆண்டில் இந்திய ஒலிம்பிக் சங்கத்தின் முதல் பெண் தலைவராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

இவற்றையெல்லாம் படித்த பின் எங்களுக்கு வெட்கமாக இருந்தது. நான்கு விரற்கடையில் தோற்றவரை ஒரு நாடே கொண்டாடுகிறது. நாங்களோ உயிரைக் கொடுத்து ஓடிய தோழியை அழவைத்தோம். மறுநாளே அவளிடம் மன்னிப்புக் கேட்டோம். "அடுத்த ஆண்டும் நீதான் கடைசியாக ஓடவேண்டும்" என்றோம். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

அன்புத் தோழியரே! இனி யாரேனும் நம்மைப் பார்த்து "பெரிய பி.டி. உஷா!" என்றால், அதைப் பாராட்டாகவே ஏற்றுக்கொள்வோமாக!